மாமாவின் பத்து ரொட்: ‘அலாட்மெண்ட்’ என்றால் சொந்தக் காணியா?

வடமேற்கு லண்டனிலிருந்து ஒரு சகோதரி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் இடத்தையும் தவிர்த்துச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

நான்கு வருடம் காத்திருந்து, 2023-இல் கணவரின் பெயரில் கவுன்சிலின், அதாவது உள்ளூராட்சி சபையின், ‘அலாட்மெண்ட்’ என்ற காய்கறித் தோட்டத் துண்டு ஒன்று கிடைத்தது. ஒப்பந்தத்தில் அளவு ‘10 ரொட்’ என்று போட்டிருக்கிறது. தோட்டத்தை உண்மையில் பார்த்துக்கொள்பவர் மாமனார். வயது 71. கிளிநொச்சியில், அரசு பெர்மிட்டில் கொடுத்த காணியில் விவசாயம் செய்தவர். இந்த வருடம் ஜூனில் குடும்பத்தோடு யாழ்ப்பாணம் போய் ஆகஸ்ட் கடைசியில்தான் திரும்பினார்கள். வீட்டு வாசலில் கவுன்சிலின் கடிதம் கிடந்தது: துண்டு பயிரிடப்படவில்லை, 28 நாளில் சீர்செய்யாவிட்டால் ஒப்பந்தம் முடிக்கப்படும். “ஒதுக்கித் தந்த காணியைத் திருப்பிப் பறிக்கிறாங்கள்” என்று மாமா சாப்பாடே இறங்காமல் இருக்கிறாராம். ‘அலாட் பண்ணினால் அது நமக்குத்தானே, ஊரில் அப்படித்தானே’ என்று கணவரும் சொல்கிறார். அடுத்த வருடம் இவர்கள் லண்டனுக்கு வெளியே ஸ்லவ் பக்கம் வீடு மாறுகிறார்கள். மாமா மட்டும் இளைய மகனோடு இங்கேயே இருப்பார். தோட்டத்தை அவர் பெயருக்கு மாற்றலாமா? மிஞ்சும் வல்லாரையைக் கடைக்குக் கொடுக்கலாமா? நாலு கோழி விடலாமா? அங்கே ஃபிளாட் கட்டப் போவதாகக் கேள்விப்படுவது நடக்குமா? லூயிஷமில் இருக்கும் தங்கைக்கும் ஒரு துண்டு வேண்டுமாம்; ஆறு பேர் கையெழுத்துப் போட்டால் கவுன்சில் தந்தே ஆக வேண்டும் என்பது உண்மையா? கடைசி வரியில், “இந்தச் சொல்லுக்கு உண்மையில் என்னதான் அர்த்தம்?” என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றக் கேள்விகளில் பாதி அந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான் நிற்கின்றன. ஆனால் அதற்கும் முன் ஒன்று: 28 நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே கவுன்சிலுக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். ‘கடிதம் கிடைத்தது, வெளிநாட்டில் இருந்தோம், வேலை தொடங்கிவிட்டோம், விவரமாக எழுதுகிறோம்’ என்றால் போதும். கணவரின் பெயரிலிருந்து போகட்டும், ஒப்பந்தக்காரர் அவர்தான்.

ஒரு சொல், பல காணிகள்

அலாட்மெண்ட் என்ற சொல்லுக்குள் இருப்பது ‘லொட்’. பழைய ஆங்கிலத்தில் அது, யாருக்கு எது என்று முடிவு செய்வதற்காகப் போடும் மரத்துண்டு. நம் பாஷையில் சீட்டுக் குலுக்கல். ஆக்ஸ்ஃபர்டுக்குப் பக்கத்தில் யார்ண்டன் என்ற ஊரில், பொதுப் புல்வெளியில் யார் எந்தத் துண்டில் புல் வெட்டுவது என்பதை, பெயர் பொறித்த 13 மரப்பந்துகளைப் பையிலிருந்து எடுத்துத்தான் நெடுங்காலம் தீர்மானித்தார்கள். பந்தில் வந்தது உங்கள் பங்கு, அந்தப் பருவத்துக்கு மட்டும்.

அப்புறம் அந்தப் பொதுநிலங்களுக்கு வேலி போட்டார்கள். 1604 முதல் 1914 வரை பாராளுமன்றம் இதற்காக 5,200-க்கும் மேற்பட்ட தனிச் சட்டங்கள் போட்டு, ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கரை அடைத்தது. ஆணையாளர்கள் ஊருக்கு வந்து, நிலத்தை அளந்து, பொதுநிலத்தில் உரிமை இருந்தவர்களுக்கு அதற்கு ஈடாகத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தார்கள். பண்ணையாருக்கு இவ்வளவு, பாதிரியாருக்கு இவ்வளவு என்று பதிவேட்டில் எழுதிய அந்தத் துண்டுக்குப் பெயர்தான் அலாட்மெண்ட். அது முழுச் சொந்தம். விற்கலாம், மகனுக்கு எழுதலாம். ஆக, உங்கள் கணவர் சொல்வது முழுத் தவறு இல்லை, ஒரு இருநூறு வருடம் பிந்திவிட்டது, அவ்வளவுதான்.

அந்தப் பதிவேட்டில் இடம் பெறாதவர்கள்தான் அதிகம். மாட்டைப் பொதுநிலத்தில் மேய்த்து, அங்கேயே விறகு பொறுக்கி வாழ்ந்தவனிடம் உரிமைக்குக் காகிதம் ஏது? சில ஊர்களில் ஏழைகளுக்கென்று தனியாக ஒரு துண்டு விட்டார்கள். வில்ட்ஷயரில் கிரேட் சொமர்ஃபோர்டு என்ற ஊரில் 1809-இல் அப்படி விட்ட தோட்டங்களில் இன்றும் பயிர் வைக்கிறார்கள். உங்களுக்குக் கிட்டவே, ஹாம்ப்டனில், 1811-இல் ஏழைகளின் அடுப்புக்கென்று ‘எரிபொருள் அலாட்மெண்ட்’ ஒதுக்கினார்கள். பெரும்பகுதி 1980-களின் கடைசியில் ஒரு சூப்பர்மார்க்கெட்டுக்கு விலைபோனது. அந்தப் பணத்தில் நடக்கும் அறக்கட்டளை இன்றும் அங்குள்ள ஏழைக் குடும்பங்களின் கேஸ், மின்சாரக் கட்டணத்துக்கு உதவுகிறது. விறகு கேஸ் ஆகிவிட்டது!

1830-இல் தெற்கு, கிழக்கு இங்கிலாந்தில் கூலி விவசாயிகள் எழுந்து சூடடிக்கும் இயந்திரங்களை உடைத்தார்கள். அதன் பிறகுதான் நிலச்சொந்தக்காரர்களும் பாதிரிமாரும் கால் ஏக்கர், அரைக்கால் ஏக்கர் என்று வாடகைக்குக் கொடுப்பது பரவியது. பல இடங்களில் நிபந்தனைகளும் இருந்தன: ஞாயிற்றுக்கிழமை மண்ணைத் தொடக் கூடாது, தேவாலயத்துக்கு வர வேண்டும். ‘சொந்தத் தோட்டத்தில் உடம்பை முறித்துவிட்டு எங்கள் வயலில் தூங்குவான்’ என்று பண்ணைக்காரர்கள் முறையிட்டார்கள். இந்த இடத்தில்தான் சொல்லின் பொருள் திரும்புகிறது: ஈடாகக் கிடைத்த சொந்தக் காணி, ஏழைக்குக் கொடுத்த வாடகைத் தோட்டம் ஆகிறது. 1845-ஆம் ஆண்டு வேலியடைப்புச் சட்டம் ஏழைகளுக்கு நிலம் விட வேண்டும் என்றது. அடுத்த கால் நூற்றாண்டில் அடைத்தது ஆறு லட்சம் ஏக்கருக்கு மேல்; ஏழைகளுக்கு விட்டது இரண்டாயிரத்துச் சொச்சம். தோட்டம் கொடுப்பதை உள்ளூராட்சியின் கடமை ஆக்கியது 1887-ஆம் ஆண்டுச் சட்டம். இன்றும் அடிப்படையாக நிற்பது 1908-ஆம் ஆண்டுச் சட்டம். ‘உழைக்கும் வர்க்கத்துக்கு மட்டும்’ என்ற வரையறையை 1919-இல் எடுத்துவிட்டார்கள். உங்கள் கணவர் ஐ.டி. வேலை பார்த்துக்கொண்டே பட்டியலில் பெயர் போட முடிந்தது அதனால்தான்.

இரண்டு உலகப் போர்களிலும் சாப்பாட்டுக்காக ஊரே மண்ணைக் கொத்தியது. அது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதைவிட எனக்குப் பிடித்தது 1969-இல் நடந்தது. அரசு அமைத்த குழு ஒன்று, பேராசிரியர் ஹாரி தோர்ப் தலைமையில், இந்தச் சொல்லையே மாற்றச் சொன்னது. அலாட்மெண்ட் என்றால் தர்மம் வாங்கியது போல் இருக்கிறது, ‘ஓய்வுத் தோட்டம்’ என்று வையுங்கள் என்றது. தோட்டக்காரர்களின் தேசிய சங்கம் இரண்டு சொல்லையும் தன் பெயரில் சேர்த்துக்கொண்டது. சட்டத்தில் ஒன்றும் மாறவில்லை. சனங்கள் பழைய சொல்லை விடவுமில்லை.

இப்போது மாமாவின் குழப்பம் எங்கிருந்து வந்தது என்று தெரிகிறதா? 1935-ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இலங்கை அரசு ஒதுக்கிய துண்டு வேறு சாதி. முதலில் பெர்மிட், நிபந்தனைகளை நிறைவேற்றினால் அளிப்புப் பத்திரம், தனக்குப் பின் இன்னார் என்று பின்னுரித்தாளரைப் போடும் உரிமை. அவர் வாழ்நாள் முழுக்கப் பழகிய ‘ஒதுக்கீடு’ அது. இங்கே உங்கள் கையில் இருப்பது வருடக் குத்தகை. நிலம் கவுன்சிலுடையது. ஆனால் தர்மமும் இல்லை. சட்டம் காக்கும் குத்தகை. தோட்டத்தில் குறையில்லாத ஒருவரை வெளியேற்ற வேண்டுமென்றால் கவுன்சில் குறைந்தது 12 மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அது முடியும் நாளும் ஏப்ரல் 6-க்குள், இல்லையென்றால் செப்டம்பர் 29-இலோ அதற்குப் பின்போ இருக்க வேண்டும், நிற்கிற பயிர் நடுவில் நாசமாகாமல் இருக்கத்தான். மாமாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். பயிரின் காலத்தை மதிக்கும் சட்டம் என்றால் அவருக்குப் புரியும்.

பத்து ரொட் என்பது எவ்வளவு?

ரொட், போல், பேர்ச் மூன்றும் ஒன்றுதான். நீளத்தில் பதினாறரை அடி. பரப்பில் அந்த அளவுச் சதுரம். 160 சேர்ந்தால் ஒரு ஏக்கர். கொழும்பில் காணி விளம்பரங்களில் இன்றும் போடுகிற ‘பேர்ச்சஸ்’ இதேதான், வெள்ளைக்காரன் விட்டுப்போன அளவு. யாழ்ப்பாணக் கணக்கில் 10 பேர்ச் ஒரு பரப்பு. அதாவது மாமா வைத்திருப்பது சரியாக ஒரு பரப்புத் தோட்டம், சுமார் 253 சதுர மீட்டர். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஆறேகால் சென்ட். 71 வயதில் தனியாளாக ஒரு பரப்பு என்பது சும்மா இல்லை. இது கீழே உதவும்.

கவுன்சிலின் கடிதம்

1908 சட்டத்தின் 30-ஆம் பிரிவு கவுன்சிலுக்கு ஒரு குறுக்குவழி தருகிறது. வாடகை 40 நாள் பாக்கி என்றாலோ, குத்தகை தொடங்கி மூன்று மாதம் கழிந்த பிறகு விதிகளை மீறினாலோ, கவுன்சிலின் எல்லையிலிருந்து ஒரு மைலுக்கு அப்பால் குடிபோனாலோ ஒரு மாத நோட்டீஸில் முடிக்கலாம். உங்களுக்கு வந்திருப்பது அந்த நோட்டீஸ் இல்லை, அதற்கு முந்திய எச்சரிக்கை. வாசகங்களை இரண்டு முறை படித்தேன். ‘சீர்செய்யாவிட்டால்’ என்றுதான் இருக்கிறது. ஆகவே பறித்தாகிவிட்டது என்று மாமா மனம் உடைய வேண்டியதில்லை. அதே நேரம், கவுன்சில் அநியாயம் செய்கிறது என்றும் நான் சொல்ல மாட்டேன். நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். போஞ்சிக்கு நட்ட மூங்கில் தடியில் போஞ்சியே இல்லை. வெள்ளைப் பூ வைத்த களைக்கொடிதான் உச்சிவரை சுற்றியிருக்கிறது. பாதை எது, பாத்தி எது என்று தெரியவில்லை. அந்தக் கொடி விதையால் மட்டுமல்ல, வேர்த்துண்டாலும் பரவும். பக்கத்துத் துண்டுக்காரர் புகார் செய்திருந்தால் அவர்மேல் கோபப்பட முடியாது.

28 நாளில் முழுத் துண்டையும் கொத்திப் பயிர் வைக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஒரு பாதியைக் கொத்தி, குளிர்காலத்துக்கு உள்ளியும் ‘ப்ரோட் பீன்ஸ்’ என்ற அகன்ற அவரையும் ஊன்றுங்கள். மறுபாதியை வெட்டிச் சாய்த்து, கனமான கறுப்புத் தாளால் மூடுங்கள். பழைய கார்பெட் வேண்டாம், பல கவுன்சில்கள் தடை செய்திருக்கின்றன. தொடங்கும்போது ஒரு படம், வாரம் ஒரு படம். பயணச் சீட்டின் நகலோடு இவற்றை அனுப்பி, மறுபாதிக்கு வசந்தம் வரை நேரம் கேளுங்கள். மாமாவுக்கு முழங்கால் சத்திரசிகிச்சை நடந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதையும் சொல்லுங்கள். நேரம் கிடைக்காது என்று தோன்றினால் இன்னொரு வழி: அரைத் துண்டைத் திருப்பிக் கொடுத்து 5 ரொட் வைத்துக்கொள்வது. காத்திருப்போர் பட்டியல் நீளமாக உள்ள இடத்தில் கவுன்சில் இதைச் சந்தோஷமாக ஏற்கும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதையே யோசிப்பேன். மாமாவிடம் நீங்கள் சொல்வதை விடக் கணவர் சொல்வது நல்லது.

இனிமேல் ஒரு மாதத்துக்கு மேல் ஊருக்குப் போவதாக இருந்தால் போகும் முன்பே எழுதிவிட்டுப் போங்கள்.

பெயர் மாற்றுவது பற்றி

இது சிக்கல். அலாட்மெண்டை விற்கவோ கைமாற்றவோ பின்னுரித்து எழுதவோ முடியாது. கவுன்சிலின் சம்மதமில்லாமல் மறுகுத்தகைக்கும் விட முடியாது. நீங்கள் ஸ்லவுக்குப் போனால் அந்த ஒரு மைல் விதி கணவர்மேல் பாயும். சிலர் செய்வது போல, தம்பி வீட்டு முகவரியைப் போட்டுக்கொண்டு சும்மா இருக்கலாமே என்று தோன்றலாம். வேண்டாம். தெரியவந்தால் மாமாவுக்கு இருக்கும் நியாயமும் சேர்ந்து போய்விடும்.

செய்யக்கூடியது, வீடு மாறுவதற்கு முன்பே, எச்சரிக்கைக் கடிதப் பிரச்சினை தீர்ந்த பிறகு, மாமாவைக் கூட்டுக் குத்தகைக்காரராகச் சேர்க்கும்படி எழுத்தில் கேட்பது. உண்மையில் உழைப்பவர் அவர், இதே எல்லைக்குள் தொடர்ந்து இருக்கப் போகிறவர், இரண்டும் பலமான காரணங்கள். சில கவுன்சில்கள் ஒப்புக்கொள்ளும். சில, பட்டியலில் பெயர் போட்டு வரிசையில் வாருங்கள் என்று சொல்லும். அப்படிச் சொன்னால் வழக்குப் போட இடமில்லை. அதனால் இன்றைக்கே மாமாவின் பெயரையும் பட்டியலில் போட்டு வையுங்கள். ஒப்பந்தத்தில் குத்தகைக்காரர் இறந்தால் என்ன ஆகும் என்று ஒரு பிரிவு இருக்கும், அதையும் தேடிப் படியுங்கள்.

வல்லாரையும் கோழியும்

1922 சட்டம் அலாட்மெண்ட் தோட்டத்துக்கு ஒரு வரையறை வைத்திருக்கிறது: 40 போலுக்கு மேற்படாமல், குத்தகைக்காரரும் குடும்பமும் சாப்பிடுவதற்கான காய்கறி, பழத்தை முழுமையாகவோ பெரும்பாலாகவோ விளைவிப்பது. அந்தப் ‘பெரும்பாலாக’ என்ற சொல்லில் கொஞ்சம் இடமிருக்கிறது. மிஞ்சியதை அயலவருக்குக் கொடுப்பதை யாரும் கேட்கப் போவதில்லை. வாரா வாரம் கடைக்கு வல்லாரைக் கட்டு போய், கடைக்காரர் கணக்கு வைத்துப் பணம் தருகிறார் என்றால் அது வியாபாரம். பெரும்பாலான ஒப்பந்தங்கள் அதைத் தடுக்கின்றன. இந்த நேரத்தில் இதை நிறுத்திவிடுங்கள். களைக் குற்றத்தோடு வியாபாரக் குற்றமும் சேர வேண்டாம்.

கோழி விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம். ஒப்பந்தத்தில் கூடாது என்று எழுதியிருந்தாலும், 1950 சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி கோழியும் முயலும் வளர்க்கலாம். சேவல் கூடாது, வியாபாரத்துக்குக் கூடாது, சுகாதாரக் கேடோ தொந்தரவோ வரக் கூடாது. 2024 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில் ஒரேயொரு கோழி என்றாலும் அரசிடம் பதிய வேண்டும். இன்னொன்று நம் வீடுகளில் யாரும் நம்பமாட்டார்கள்: வீட்டுச் சமையலறையில் மிஞ்சிய சோறு, கறி, ஏன் காய்கறித் தோல்கூடக் கோழிக்குப் போடுவது இங்கே சட்டவிரோதம், முழுச் சைவ, அதாவது பாலும் முட்டையும்கூடப் புழங்காத வீடாக இருந்தாலொழிய. தோட்டத்திலிருந்து நேரே பிடுங்கிய இலையைப் போடலாம். ஆனால் ஒரு எச்சரிக்கைக் கடிதம் நிலுவையில் இருக்கும்போது கூடு கட்டத் தொடங்காதீர்கள். கொட்டில், கூடு எதற்கும் அளவு விதிகள் இருக்கும்.

ஃபிளாட் கட்டும் கதை

இதற்கு ஒரே ஒரு கேள்வி போதும்: உங்கள் தோட்டம் ‘சட்டபூர்வமானதா’, ‘தற்காலிகமானதா’? அலாட்மெண்டுக்கென்றே கவுன்சில் வாங்கிய, அல்லது அதற்கென ஒதுக்கிய நிலம் என்றால், 1925 சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி அமைச்சரின் சம்மதமில்லாமல் விற்கவோ வேறு உபயோகத்துக்கு மாற்றவோ முடியாது. வேறு தேவைக்கு வாங்கிவிட்டு இடைக்காலத்தில் தோட்டமாக விட்ட நிலத்துக்கு அந்தக் காப்பு இல்லை. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். பக்கத்தில் ஐம்பது வருடம் தோட்டம் செய்தவருக்கும் தெரியாமல் இருக்கலாம். தகவல் அறியும் சட்டத்தின் கீழ் கவுன்சிலிடம் கேட்டால் எழுத்தில் பதில் வரும். செலவில்லை.

தங்கைக்கு

ஆறு பேர் கதை உண்மைதான், ஆனால் தங்கைக்கு இல்லை. 1908 சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி வாக்காளர்களோ கவுன்சில் வரி கட்டுபவர்களோ ஆறு பேர் விண்ணப்பித்தால் கவுன்சில் அதைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். தேவை இருக்கிறது என்று கண்டால் போதிய துண்டுகள் ஏற்படுத்துவது கடமை. எப்போது, எவ்வளவு காலத்தில் என்று சட்டம் சொல்லவில்லை. லண்டனின் உள்வட்டக் கவுன்சில்களுக்கு 1963-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தக் கடமையிலிருந்து விலக்குக் கொடுத்துவிட்டது. லூயிஷம் அந்த உள்வட்டத்தில் வருகிறது. அவர் பட்டியலில் பெயர் போடத்தான் வேண்டும். நீங்கள் போகும் ஸ்லவுக்கு இந்தப் பிரிவு பொருந்தும். வீட்டுச் சாவி கையில் வந்த வாரமே அங்கே பெயர் கொடுங்கள்.

நான் சொன்னது எல்லாம் இங்கிலாந்துக்கு. ஸ்கொட்லாந்தில் இருக்கும் வாசகர்களுக்கு 2015-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் உண்டு, எண்களும் வேறு.

கடிதத்தோடு ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தை மட்டும் அனுப்பியிருக்கிறீர்கள். கடைசிப் பக்கத்தில், கையெழுத்துக்கு மேலே, ‘விதிகள்’ என்று ஒரு இணைப்பு இருக்க வேண்டும். கவுன்சிலுக்கு அனுப்பும் பதிலில் எந்த விதி எண்ணைச் சொல்ல வேண்டும் என்பது அதைப் பார்த்தால்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமைக்குள் அதைப் படமெடுத்து அனுப்பிவிடுங்கள். மாமா அன்றைக்குத் தோட்டத்தில்தான் இருப்பார் என்றால், கொத்திய பாதியையும் ஒரு படம்.